தேய்ந்த பழைய காசுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? புதிதாகச் சேர்க்க வருகிறவர்களுக்கு மதுரையிலிருந்து ஒரு வழிகாட்டி

புதிதாகக் காசு சேர்க்க வருகிறவர்கள் பலருக்கும் ஒரு நினைப்பு உண்டு: எவ்வளவு பழசோ அவ்வளவு விலை. அந்த நினைப்போடு கடைக்குப் போனால் பணம் கரைந்துவிடும். ராஜராஜ சோழன் பெயர் பொறித்த செப்புக் காசுக்கு ஆயிரம் வயது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அதன் கைக்குப் பக்கத்தில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. தேய்ந்துபோன ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கே வாங்கிவிடலாம், ஏனென்றால் அது அவ்வளவு கிடைக்கிறது. 1939 என்று ஆண்டு போட்ட ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய்க்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை. அசலாக இருந்தால் அதன் விலை எங்கேயோ இருக்கும்.

ஆக, வயதை விட்டுவிடுங்கள். எத்தனை காசு மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது, இந்த மூன்றும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. தேய்ந்த காசில் மூன்றாவதுதான் பெரிய விஷயம். நாம் பணம் கொடுப்பது அந்தக் காசில் இன்னும் கண்ணுக்குத் தெரிகிற பகுதிக்குத்தான்.

மதுரையில் பழைய காசு என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாய். அதனால் அதையே முக்கிய உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். மற்றவற்றை நடுவில் தொட்டுக்கொள்ளலாம்.

தேவைப்படும் சாமான் கொஞ்சம்தான். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, நகைப் பட்டறையில் வைத்திருப்பது போன்ற பத்து மடங்கு லென்சு, ஒரு காந்தம், மெல்லிய நூல். எல்லாம் சட்டைப் பையில் அடங்கிவிடும்.

முதல் படி: என்ன காசு என்று தெரிந்துகொள்ளுங்கள்

காசில் இருக்கும் தலையைப் பாருங்கள். 1835 ரூபாயில் நான்காம் வில்லியம். 1840 ரூபாயில் கிரீடம் இல்லாத விக்டோரியா. 1862 முதல் கிரீடம் வைத்த விக்டோரியா; அதில் 'குயின்' என்று இருக்கும், 1877 முதல் 'எம்ப்ரெஸ்' என்று மாறும். 1903 முதல் 1910 வரை கிரீடம் இல்லாத, தாடி வைத்த ஏழாம் எட்வர்டு. அதன்பின் கிரீடமும் தாடியுமாக ஐந்தாம் ஜார்ஜ். கடைசியில் கிரீடம் உண்டு, தாடி இல்லை என்றால் ஆறாம் ஜார்ஜ்.

இந்த ரூபாய்களின் முழு எடை 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. நாட்டு மருந்துக் குறிப்புகளில் 'ஒரு ரூபாய் எடை' என்று வருவது இந்த எடைதான். 1939 வரை வந்தவற்றில் நூற்றுக்குச் சுமார் 91.7 பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரை வந்தவற்றில் பாதிதான் வெள்ளி. 1947 ரூபாயில் பின்பக்கம் புலி இருக்கும். அதில் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல். 'வெள்ளி ரூபா, ராஜா தலை' என்று மூன்றையும் ஒரே விலைக்குச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆண்டைப் படித்துவிட்டால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆண்டைப் பற்றி இன்னொன்று. 1840, 1862 என்று போட்ட ரூபாய்கள் அந்தந்த ஆண்டு மட்டும் அடிக்கப்பட்டவை அல்ல. எண்ணை மாற்றாமலே வருடக்கணக்கில் அடித்துத் தள்ளினார்கள். அதனால் '1862' என்பது பார்க்கப் பழசாக இருந்தாலும் சாதாரணமாகக் கிடைக்கிற காசு. விளிம்புப் பூவேலைக்குள் இருக்கும் புள்ளிகளை எண்ணி அதில் வகை பிரிப்பவர்கள் உண்டு. புதியவர்கள் அந்தப் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

செம்பில் நம் பக்கம் அடிக்கடி வருபவை: 1835 போட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் காலணா, 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா, புதுக்கோட்டை அம்மன் காசு. அம்மன் காசில் ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்று இருக்கும். மூன்றுமே ஏராளமாகக் கிடைப்பவை. தேய்ந்த நிலையில் இவற்றுக்குப் பெரிய விலை கிடையாது; எழுத்தும் உருவமும் தெளிவாக உள்ளதைப் பார்த்து எடுப்பதுதான் புத்தி. கம்பம், போடி பக்கம் போனால் திருவிதாங்கூர்ச் சக்கரம் கிடைக்கும். விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சின்ன வெள்ளிக் காசு. அதற்குத் தராசு சரியாக இருக்க வேண்டும், கண்ணும் சரியாக இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: அசலா என்று சோதியுங்கள்

முதலில் எடை. 1906-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, தேய்மானத்தால் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் எடை குறைந்த ரூபாய் அந்தக் காலத்தில் செல்லாததாக இருந்தது. கணக்குப் போட்டால் 11.43 கிராம். வீட்டுப் பெட்டியில் தங்கிப்போனவற்றில் இதற்கும் கீழே இறங்கியவை உண்டு. ஆனால் உருவம் நன்றாகத் தெரிகிறது, எடை மட்டும் 10.5 என்று காட்டுகிறது என்றால் அதை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தேயாமல் எடை குறையாது.

அடுத்து காந்தம். வெள்ளி ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்போ நிக்கலோ இருக்கிறது. 1947 புலி ரூபாய் மட்டும் விதிவிலக்கு: அது ஒட்டினால்தான் அசல்.

அப்புறம் தண்ணீர்ச் சோதனை. வீட்டில் செய்யக்கூடியதிலேயே நம்பகமானது இதுதான். சின்னப் பிளாஸ்டிக் டம்ளரில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, அளவைச் சுழியமாக்குங்கள். காசை நூலில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குங்கள். அடியிலோ பக்கத்திலோ முட்டாமல் நடுவில் தொங்க வேண்டும். அப்போது தராசில் ஒரு சின்ன எண் வரும். காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 91.7 பங்கு வெள்ளிக்கு அது 10.3-க்குப் பக்கத்தில் வர வேண்டும். 11.50 கிராம் காசை இறக்கும்போது 1.11 என்று காட்டினால் 10.36, சரியாக இருக்கிறது. 1.29 என்று காட்டினால் 8.9, அது செம்போ செம்பு நிக்கல் கலவையோ, மேலே வெள்ளி முலாம் மட்டும். 1940 முதல் வந்த பாதி வெள்ளிக்கு 9.5-க்குப் பக்கத்தில் வரும். காசில் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும்; தட்டிவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

நடைபாதையில் டம்ளரும் கையுமாக நிற்க முடியாதுதான். அங்கே எடையும் லென்சும் போதும். விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். வெள்ளி ரூபாயின் விளிம்பில் வரிசையாகப் பல் இருக்கும். 1940-க்குப் பிறகு கள்ள நாணயத்துக்குப் பயந்து நடுவில் ஒரு பள்ளமும் சேர்த்தார்கள். வார்த்துச் செய்த போலியில் விளிம்பில் இணைப்புக் கோடு தெரியும், பரப்பில் ஊசி முனை அளவில் குழிகள் இருக்கும், எழுத்தின் ஓரங்கள் மழுங்கி இருக்கும். தேய்மானத்தில் மழுங்குவது மேடான இடம் மட்டும்தான். வார்ப்பில் பள்ளமான இடத்திலும் கூர்மை இருக்காது. இந்த வித்தியாசம் பழகப் பழகக் கண்ணில் படும்.

சுண்டிப் பார்த்து ஓசையை வைத்துச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் காது அப்படி. நாம் தராசை நம்புவோம்.

சந்தேகம் தீரவில்லை என்றால் தெற்காவணி மூல வீதிப் பக்கம் போனால் டச், அதாவது உலோகத்தின் சுத்தம் பார்க்கிற கடை கிடைக்கும். மெஷினில் வைத்துப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். உரைகல்லில் மட்டும் தேய்க்க விடாதீர்கள். நகைக்கு அது சாதாரணம், காசுக்கு அது ஆறாத காயம்.

மூன்றாம் படி: தேய்மானத்தைப் படியுங்கள்

விலையைப் பெரிதும் தீர்மானிப்பது இந்த இடம். கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

காசை உள்ளங்கையில் வைத்துப் பார்க்காதீர்கள். விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, ஒற்றை விளக்குக்குக் கீழே மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். தேய்ந்த மேடுகள் ஒளியில் வேறு நிறத்தில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

விக்டோரியா ரூபாயில் முதலில் போவது கன்னமும், காதுக்கு மேலிருக்கும் முடியும். அடுத்து கிரீடத்தின் கற்கள். அப்புறம் உடையின் பூவேலை. பூவேலையில் இதழ் இதழாகத் தெரிந்தால் நல்ல நிலை. கட்டம் மட்டும் தெரிந்து உள்ளே ஒன்றும் இல்லை என்றால் நன்றாகவே புழங்கிய காசு. ஐந்தாம் ஜார்ஜில் கிரீடத்தின் நடுப் பட்டை, காது, மீசை, அப்புறம் அங்கியின் மேல் உள்ள யானை.

அந்த யானைக்கு ஒரு கதை உண்டு. 1911-இல் வந்த முதல் ரூபாயில் அது பன்றி மாதிரித் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, 1912-இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். 'பன்றி ரூபாய்' என்று அதற்குத் தனி கிராக்கி. தேய்ந்த காசில் எல்லா யானையும் பன்றி மாதிரித்தான் தெரியும். ஆண்டு 1911 என்று தெளிவாக இல்லாவிட்டால் அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள்.

வியாபாரிகள் ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரா ஃபைன், யூ.என்.சி. என்று சொல்வார்கள். ஃபைன் என்றால் அருமையாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அது நன்றாகத் தேய்ந்த காசு. யூ.என்.சி. என்றால் புழக்கத்துக்கே போகாதது. விற்கிறவர் எப்போதும் ஒரு படி கூட்டித்தான் சொல்வார், அது தொழில் வழக்கம். புதியவர்கள் இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட மூன்று கேள்வி கேட்டால் போதும். ஆண்டு படிக்க முடிகிறதா? முடியாவிட்டால் வெள்ளிக்கு உலோக விலை, செம்புக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. எழுத்துகள் எல்லாம் முழுதாக இருக்கின்றனவா? இருந்தால் உலோக விலைக்கு மேல் கொஞ்சம். கிரீடத்தின் கற்களில் பாதியாவது தனித்தனியாகத் தெரிகிறதா? தெரிந்தால் சேகரிப்பவர் கொடுக்கும் விலையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கலாம்.

தேய்மானத்தைவிட விலையை அடியோடு இறக்குவது மனிதர் கை வைத்த அடையாளம். நம் ஊரில் முக்கியமானது கொக்கி. வெள்ளி ரூபாயில் வளையம் பற்றவைத்துக் காசு மாலை கட்டுவது எத்தனையோ வீடுகளில் நடந்த விஷயம். பிறகு வளையத்தை அறுத்து, ராவி, பாலிஷ் போட்டு விற்பார்கள். தலைக்கு நேர் மேலே விளிம்பைப் பாருங்கள்: ஓர் இடத்தில் மட்டும் பல் வரிசை அழிந்து வழவழவென்று இருந்தால் அது கொக்கி இருந்த தடம். துளை போட்டு அடைத்ததும் இப்படித்தான், இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் நிறம் மாறியிருக்கும். இரண்டுக்குமே உலோக விலைதான். அரிய ஆண்டாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

அந்தக் காலத்துச் சராப்கள், அதாவது காசு மாற்றித் தந்தவர்கள், வெள்ளியைச் சோதிக்கக் குத்திய சின்னக் குறிகளும் விலையைக் குறைக்கும், ஆனால் இந்த அளவுக்கு இல்லை. எனக்கு அவை பிடிக்கும். காசு கை மாறிய வரலாறு அதில் இருக்கிறது. வாங்குகிறவர்கள் என் ரசனைக்கு விலை கொடுக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அப்புறம், துலக்குதல். புளி, சாம்பல், பீதாம்பரி, எலுமிச்சை என்று வீட்டில் கிடைத்ததை எல்லாம் போட்டுத் தேய்த்துவிட்டு 'புதுசு மாதிரி இருக்கு' என்று கொண்டு வருவார்கள். லென்சில் பார்த்தால் பரப்பெல்லாம் மயிரிழைக் கீறல். கறுத்துப்போன வெள்ளியே மேல். அது இயல்பான நிறம். செம்பில் இறுகிய பச்சையோ பழுப்போ பரவாயில்லை, தொட்டால் தூளாக உதிரும் வெளிர் பச்சை இருந்தால் அது காசை உள்ளே தின்றுகொண்டிருக்கிறது, வாங்காதீர்கள்.

நான்காம் படி: அடி விலையும் மேல் விலையும்

அடி விலை சுலபம். அன்றைய வெள்ளி விலையைப் பாருங்கள். கணக்குக்காகக் கிராம் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காசு 11.40 கிராம். அதை 0.917-ஆல் பெருக்கினால் சுத்த வெள்ளி 10.45 கிராம். 200-ஆல் பெருக்கினால் 2,090 ரூபாய். நகைக்கடையில் கொண்டுபோய்ப் போட்டால் கழிவு போக இதற்கும் குறைவாகத்தான் கொடுப்பார்கள். அதே கணக்கில் 1944 ரூபாய் 11.50 கிராம் இருந்தால் சுத்த வெள்ளி 5.75, விலை 1,150. செம்புக் காசுகளுக்கு அடி விலை என்று ஒன்று இல்லவே இல்லை. அங்கே முழுக்க நிலையும் தேவையும்தான்.

மேல் விலைக்கு, அதே ஆண்டு, அதே நாணயச் சாலை, அதே நிலையில் உள்ள காசு எத்தனைக்கு விற்றது என்று பார்க்க வேண்டும். எத்தனைக்குக் கேட்கிறார்கள் என்பதில் அர்த்தமில்லை. இணையத்தில் யார் வேண்டுமானாலும் எதற்கும் ஒரு லட்சம் என்று எழுதி வைக்கலாம். ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலத்தின் விற்பனை விலையை வெளியிடுகின்றன, அதைத் தேடுங்கள். அதிலும் கவனம்: அங்கே படமாக வருவது பெரும்பாலும் நல்ல நிலைக் காசு. யூ.என்.சி. விலையைப் பார்த்துவிட்டுத் தேய்ந்ததற்குப் பாதி கொடுக்கலாம் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். சாதாரண ஆண்டுகளில் நிலை ஒரு படி இறங்கினாலே விலை மளமளவென்று சரியும்.

சாலைக் குறி என்றால் அச்சடித்த ஊரின் அடையாளம். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் பின்பக்கம் கீழே பூவுக்கு அடியில் சின்னப் புள்ளி மேடாக இருந்தால் பம்பாய், ஒன்றும் இல்லாவிட்டால் கல்கத்தா. தேய்ந்த காசில் இந்தப் புள்ளிதான் முதலில் காணாமல் போகும். அதனால் 'குறி இல்லை, கல்கத்தா' என்று சொல்லி விலை கூட்டினால் லென்சில் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். 1939 போன்ற அரிய ஆண்டு என்றால் எண்ணைத் திருத்தியிருக்கிறார்களா என்று கடைசி இலக்கத்தின் ஓரங்களைப் பாருங்கள். அது நேராகத் தனியாரிடம் வாங்கக்கூடிய காசு அல்ல, விவரம் தெரிந்தவர் ஒருவரை வைத்துக்கொண்டு வாங்க வேண்டியது.

ஐந்தாம் படி: பேரம்

சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில், துணி விரித்துக் காசு பரப்பியிருப்பவரிடம் பேச்சு இப்படித்தான் போகும்.

"இது எவ்வளவுண்ணே?"

"நாலாயிரம் தம்பி. விக்டோரியா ராணி, 1862. நூத்தி அறுபது வருசத்துக் காசு."

"வருசம் சரிதாண்ணே, ஆனா இந்த எண்ணைப் போட்டு ரொம்ப வருசம் அடிச்சிருக்காங்க. கன்னம் வழவழன்னு ஆயிருச்சு. மேல பாருங்க, கொக்கி வச்ச தடம். எடை போட்டுக்கிரவா?"

தராசில் 11.38. நாம் வைத்த வெள்ளி விலைக்கு அது ஏறத்தாழ 2,087 ரூபாய்.

"ரெண்டாயிரம்னா எடுத்துக்கிறேண்ணே."

"கட்டாது தம்பி. ரெண்டாயிரத்து ஐந்நூறு குடு."

"வெள்ளி விலையே அவ்வளவு வரலண்ணே. நூறு சேத்துத் தாரேன்."

கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். கொடுக்காவிட்டால் எழுந்துவிடலாம், 1862 ரூபாய் இன்னொன்று வரும். இங்கே குறையைச் சுட்டிக்காட்டியது அவரை மட்டம் தட்ட அல்ல. காசைப் பார்க்கத் தெரிந்தவர் என்று புரிந்தால் பேச்சு நேராக வரும். அடுத்த முறை நல்ல காசு வந்தால் எடுத்தும் வைப்பார். வழக்கமான கடைக்காரரிடம் இன்னொன்றைக் கேளுங்கள்: "இதையே நாளைக்கு நான் கொண்டு வந்தா என்ன விலைக்கு எடுப்பீங்க?" விற்கிற விலைக்கும் எடுக்கிற விலைக்கும் இடைவெளி எவ்வளவு என்று அந்தப் பதிலில் தெரிந்துவிடும். கடை வாடகை, லாபம் எல்லாம் அதற்குள் இருப்பதால் இடைவெளி இருப்பது நியாயம். பதில் சொல்லாமல் மழுப்பினால் மட்டும் யோசியுங்கள்.

விலை கேட்கவே வேண்டாதவை

சாமி உருவங்கள் போட்டு, கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் 1818 போன்ற ஆண்டும் பொறித்த 'அணா' காசுகள் நிறைய உலவுகின்றன. ராமர் பட்டாபிஷேகம், அனுமார், தாமரை என்று விதவிதமாக வரும். கம்பெனி அப்படி அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும், சக்தி உள்ளது என்று சொல்லி ரைஸ் புல்லிங் கும்பல் கொண்டுவருவதும் இந்த வகைதான். அதில் பணம் போனதோடு போலீஸ் ஸ்டேஷனுக்கும் அலைந்தவர்கள் தமிழ்நாட்டில் நிறைய.

இன்னொரு வகை, வாட்ஸ்அப்பில் வரும் 'வைஷ்ணோ தேவி படம் போட்ட அஞ்சு ரூபாய் இருந்தால் லட்சக்கணக்கில்' செய்தி. அது 2012 என்று ஆண்டு போட்ட சாதாரண நினைவு நாணயம். விற்றுத் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது.

வைகை ஆற்றுப் படுகையில் கிடைத்தது என்று சின்னச் செப்புக் காசுகளைக் காட்டுவார்கள். வைகையில் சங்க காலப் பாண்டியர் சதுரக் காசும், ரோமானியச் சிறு செப்புக் காசும், நாயக்கர் காசும் கிடைத்திருப்பது உண்மை. தமிழ் பிராமியில் 'பெருவழுதி' என்று பொறித்த பாண்டியர் காசை நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்டு வெளியிட்ட பிறகு இவற்றின் மேல் ஆசை கூடியது, போலியும் கூடியது. தேய்ந்த சதுரச் செம்பில் மீனும் யானையும் தெரிகிறது என்று விற்பவர் விரல் வைத்துக் காட்டினால்தான் தெரிகிறது என்றால், உங்களுக்கு அது வெறும் செம்புத் துண்டு. சில வருடம் பழகிய பிறகு இந்தப் பக்கம் வாருங்கள். அதற்கு முன் எழும்பூர் அருங்காட்சியகத்தில் அசல் காசுகளைப் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மண்ணில் புதைந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். வீடு கட்டத் தோண்டியபோது குடத்தோடு கிடைத்தது என்று யாராவது ரகசியமாகக் காட்டினால் விலை பேச உட்காராதீர்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. துபாயில் இருக்கும் மச்சானுக்குக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

வாங்கிய பிறகு

கடையில் வாங்கினால் ஆண்டு, உலோகம், எடை எழுதிய பில் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்ச் சோதனையை முடித்துவிட்டு, துடைக்காமல் உலர விடுங்கள். மெழுகிய மாதிரி நெகிழும் பிவிசி உறைகளில் போட்டால் நாளடைவில் காசில் பச்சைப் பிசுக்கு ஏறும். அட்டையும் மைலார் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளும் சேர்ந்த சதுர உறை போதும். உறையின் ஓரத்திலேயே வாங்கிய தேதி, எடை, கொடுத்த விலை, அன்றைய வெள்ளி விலை நான்கையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். அடுத்த காசுக்கு விலை பேசும்போது முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது அந்த உறைகளைத்தான்.